மாமா கட்டிய நங்கூரம்

1. அன்று காலை கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. எங்கள் படகைப் பாரின் ஓரத்தில் நங்கூரமிட்டோம். பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு.
2. அண்ணாவும் கொழும்பிலிருந்து வந்த இருவரும் சிலிண்டர் கட்டிக்கொண்டு முதல் தடவை கீழே போனார்கள். ஒரு குறையும் இல்லாமல் மேலே வந்தார்கள்.
3. படகில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். படகு நின்ற இடத்திலேயே நின்றது.
4. அவர்கள் இரண்டாம் தடவை கீழே போன பிறகு காற்று மாறியது. கடற்காற்று எழுந்து, படகு நங்கூரத்தின் மறுபக்கத்துக்குத் திரும்பியது.
5. நங்கூரத்தில் கட்டியிருந்த ஒரு மீன்பிடி நூல் அறுந்தது. நங்கூரம் பாறையை விட்டது.
6. படகு மிதந்து போனது. அதில் நான் மட்டும் இருந்தேன்.
7. பிடித்து ஏற வேண்டிய கயிற்றைக் காணாமல் கொழும்புக்காரரில் ஒருவர் பயந்து வேகமாக மேலே கிளம்பினார். அண்ணா அவரைப் பிடித்து இழுத்தபடியே அவரோடு மேலே வந்துவிட்டார். இடையில் தரித்து நிற்க வேண்டிய ஆழத்தில் நிற்கவில்லை.
8. அன்று பின்னேரம் அண்ணாவின் வலது கால் மரத்தது.
9. அந்த நூலைக் கட்டியவர் எங்கள் மாமா. அது எப்போது அறுந்தது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இவற்றை இதே ஒழுங்கில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். டொக்டர்மாருக்கு, என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு, பாசிக்குடாப் பக்கம் படகு வைத்திருக்கும் அண்ணாவின் கூட்டாளிகளுக்கு. எல்லோரிடமும் எட்டாவதோடு நிறுத்திக்கொள்வேன். ஐந்தாவதைச் சொல்லும்போது "நங்கூரம் விட்டிட்டு" என்பதோடு சரி. நூலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் தண்ணீர் பம்பு நிலையமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். பம்பு நின்றால் முதலில் மின்சாரம், அடுத்தது வால்வு, அதற்கடுத்தது உறிஞ்சு குழாய் என்று ஒழுங்காகப் பார்க்கப் படித்தவள். அம்மா சந்தைக்கு அனுப்பினாலும் இலக்கம் போட்டுத்தான் மரக்கறி வாங்குவேன். அண்ணா படகு வாங்கியபோது அந்தப் பழக்கமும் என்னோடு படகில் ஏறியது. சனி, ஞாயிறுகளில் நான்தான் அந்தப் படகின் மற்ற ஆள்.

அண்ணா பல வருடம் கட்டாரில் இருந்தவர். கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியைத் தண்ணீருக்குள் நின்று சுரண்டுகிற வேலை. துறைமுகத்துத் தண்ணீர். நீட்டிய கை தெரியாது என்பார். விரல்களில் சிப்பி வெட்டிய வெள்ளைத் தழும்புகள் இப்போதும் இருக்கின்றன. லீவில் வந்தபோது ஒரு கூட்டாளியோடு எங்கள் பக்கத்துப் பாரில் இறங்கிப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஈரத் துவாயோடு முற்றத்தில் நின்றபடியே சொன்னார்:

"புள்ள, கடலுக்குக் கீழ வெளிச்சம் இரிக்கு. நான் இவ்வளவு காலமும் இருட்டுக்குள்ளதான் கிடந்திரிக்கன்."

அதன் பிறகு அவருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. ஒருமுறை போனார், அரைவாசியில் வந்துவிட்டார். வாழைச்சேனையில் பழைய பைபர் படகொன்றை வாங்கினார். சிறியது. நான்கு பேரும் சிலிண்டர்களும் ஏறினால் காலை நீட்ட இடமிராது. கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்களில் கடலடி பார்க்கச் சுழியோட வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவது, வாடைக்காற்று தொடங்கியதும் படகை ஏற்றிவைத்து எஞ்சினைக் கழற்றுவது. திட்டம் அவ்வளவுதான். பாஸ்போட்டை அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இது சரிவந்தா நான் இனி எங்கயும் போகமாட்டன். சரிவராட்டித் திரும்ப அந்த இருட்டுதான்." அம்மா களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். படகு சரிவர வேண்டும் என்றுதான் வைத்தார். அண்ணாவின் காலைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

எங்களுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் ரோட்டைத் தாண்டினால் கடல். வாவியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றில் தோணியை நிறுத்த நங்கூரம் வேண்டாம். ஒரு கம்பைச் சேற்றில் ஊன்றிக் கட்டிவிட்டால் போதும். அதனால் ஆற்றுக்காரருக்கு எப்போதும் குட்டைக் கயிறு. நீண்ட கயிறு விட்டால் பக்கத்துத் தோணியின் வலையில் சிக்கும் என்று திட்டு விழும். கடலில் அது நடக்காது. ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும். கயிறு குட்டையென்றால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை நேரே மேலே தூக்கும். நீளமென்றால் படகு அதைப் பக்கவாட்டில் இழுக்கும், நங்கூரம் இன்னும் ஆழப் பிடிக்கும். கயிற்றின் நுனியில் சில பாக நீளத்துக்குச் சங்கிலி இருந்தால் அதன் பாரத்தில் இழுவை தரையோடு கிடக்கும். இதையெல்லாம் நான் படித்தேன், வரைந்தேன், கயிற்றில் நிறத்துணி கட்டி அடையாளமும் வைத்தேன்.

மாமாவுக்கு அது பெரிய பகிடி.

மாமா அம்மாவின் தம்பி. பெரியகல்லாற்றில் இருக்கிறார். ஆற்றிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். அப்பா எங்கள் சிறுவயதிலேயே இறந்துவிட்டதால் எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். எங்கள் பக்கத்தில் தாய்மாமனென்றால் அப்படித்தான். காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர், முதல் சைக்கிள் வாங்கித் தந்தவர், என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு விட வேண்டுமென்று அம்மாவோடு சண்டை பிடித்தவர். படகை முதல்முதலாகக் கடலில் தள்ளிய நாளிலும் தேங்காய் உடைத்தவர் அவர்தான்.

"என்னகா எஞ்சினியர் அம்மா, நங்கூரம் போடப் போறியா, கொழும்புக்குக் கயிறு இழுக்கப் போறியா?"

"அலை அடிச்சா கயிறு வேணும் மாமா."

"இவ்வளவு கயிறோட நீ இஞ்ச நங்கூரம் போட்டா, படகு அங்கால அந்தமான்லதான் நிக்கும். மருமகன், வரக்குள்ள எனக்கு அங்கயிருந்து ஒரு சாரன் வாங்கி வா."

அண்ணா சிரிப்பார். நானும் சிரிப்பேன். மாமா தள்ளினால்தான் படகு அலையைக் கடக்கும். அந்தத் தோள் எங்களுக்குத் தேவையாக இருந்தது.

படகில் என் வேலைகள் இவை. பாருக்கு மேலே நங்கூரத்தைப் போடாமல் அதன் ஓரமாகப் போடுவது. எறியாமல் மெதுவாக இறக்குவது. கயிறு விட்டு, பிடித்ததா என்று எஞ்சினைப் பின்னுக்குக் கொடுத்துப் பார்ப்பது. கரையில் எங்கள் ஊர் நீர்த்தாங்கியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்வது. இரண்டும் விலகினால் படகு நகர்கிறதென்று அர்த்தம். சுழியோடிகள் கயிற்றைப் பிடித்து இறங்குவார்கள், அதையே பிடித்து ஏறுவார்கள். முதலில் இறங்குகிறவர் அண்ணா. நங்கூரம் எப்படிப் பிடித்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சைகை காட்டுவார். அவர்கள் கீழே இருக்கும்வரை படகில் கட்டாயம் ஒருவர் இருக்க வேண்டும். கீழே ஆள் இருக்கும்போது எஞ்சினைத் தொடக் கூடாது, காற்றாடி ஆளை வெட்டிவிடும்.

அந்தப் பருவத் தொடக்கத்தில் ஒருநாள் நங்கூரம் பாறை வெடிப்பில் இறுகிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அண்ணா மறுபடி இறங்கிக் கையால் எடுத்துவிட்டார். கீழே போகக்கூடிய ஆள் இருக்கும்போது நங்கூரம் சிக்குவது எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அண்ணா அதை மாமாவிடம் கதையாகச் சொன்னார். மாமா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

பாரில் தொழில் செய்கிற மீன்பிடிகாரருக்கு நங்கூரம் சிக்கினால் அதோடு போயிற்று. எடுக்க ஆளில்லை. அதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. சங்கிலியை நங்கூரத்தின் தலையிலுள்ள வளையத்தில் பூட்டுவதில்லை. கொழுக்கிகள் பிரிகிற அடிப்பக்கத்தில் பூட்டி, தண்டின் வழியே மேலே கொண்டுவந்து, தலை வளையத்தோடு தங்கூசி என்கிற நைலோன் மீன்பிடி நூலால் சில சுற்றுச் சுற்றி முடிந்துவிடுவார்கள். நூல் இருக்கும்வரை நங்கூரம் சாதாரணமாகவே பிடிக்கும். சிக்கிக்கொண்டால் ஓங்கி இழுக்க வேண்டும். நூல் அறும். இழுவை அடிப்பக்கத்துக்கு மாறும். வந்த வழியே பின்பக்கமாக நங்கூரம் கழன்று வரும். படகிலேயே ஆட்கள் எல்லோரும் இருக்கிற தொழிலுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. நங்கூரம் இடையில் விட்டால்கூட எஞ்சினை இழுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

கீழே மூன்று பேர் அந்தக் கயிற்றை நம்பி இருக்கும்போது அது வேறு.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம் மாமா வந்திருக்கிறார். அம்மாவுக்கு நண்டு கொண்டுவந்தவர், அப்படியே கடற்கரைக்கு நடந்து போயிருக்கிறார். படகு மணலில் கிடந்தது. நான் இறுக்கி வைத்திருந்த பூட்டைக் கழற்றி, சங்கிலியை அடிப்பக்கம் மாற்றி, தங்கூசி கட்டிவிட்டுப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. மருமகனின் புது நங்கூரம் பாரில் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய எண்ணம். தங்கூசி கண்ணாடி போன்றது. சங்கிலி தலை வளையத்தை ஒட்டியே கிடந்தது. காலையில் மேலிருந்து பார்த்தால் எல்லாம் முன்பு போலத்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஓர் ஆணும் பெண்ணும், ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள். ஆண் நல்ல உயரம். படகில் ஏறியதிலிருந்து கதைத்துக்கொண்டே இருந்தார். பயந்த ஆட்கள் அப்படித்தான் நிறையக் கதைப்பார்கள் என்று அண்ணா முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அமைதி. முதல் தடவை இறங்கி வந்தபோது இருவருமே சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெரிய களவா மீனொன்று அவர்களைக் கணக்கெடுக்காமல் போனதாம்.

தேநீர் குடிக்கும்போது அண்ணா படகின் மூக்கான முன்னணியத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பார்த்துத் தனக்குள் சிரித்தார்.

"என்ன அண்ணா?"

"ஒண்டுமில்ல புள்ள. மாமாவ நினைச்சன்."

"அந்தமான் சாரனா?"

"ஓம், அதுதான்."

அவர்கள் மறுபடி இறங்கினார்கள். கச்சான் ஓய்ந்து, கொஞ்ச நேரம் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் போலக் கிடந்தது. பிறகு தென்கிழக்கிலிருந்து காற்று வந்தது. அதில் புதுமை ஒன்றுமில்லை, நாள்தோறும் நடப்பதுதான். படகு மெல்லத் திரும்பிக் கயிற்றை மறுபக்கமாக இழுத்தது. அலை கொஞ்சம் எழும்பியது. முன்னணியம் இரண்டு தடவை வெட்டி இழுபட்டது. மூன்றாவது இழுவைக்குப் பிறகு வெட்டு இல்லை. படகு சுகமாக ஆடியது.

அந்தச் சுகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கரையைப் பார்த்தேன். நீர்த்தாங்கி கோபுரத்திலிருந்து விலகிக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தேன். பாரம் கட்டிய சிவப்பு மிதவையை அந்த இடத்தில் எறிந்தேன். குமிழிகள் எங்கே வருகின்றன என்று பார்த்தேன். அவை படகுக்கு மிக அருகில் இருந்தன, எஞ்சினைத் தொட முடியாது. கயிற்றைத் தொங்கவிட்டு எஞ்சினைக் கிளப்பினால் காற்றாடியில் சுற்றும், ஆகவே கயிற்றை இழுத்தேன். நிறத்துணி அடையாளங்கள் ஒவ்வொன்றாக என் காலடியில் விழுந்தன. பிறகு சங்கிலி. நங்கூரம் தலைகீழாக வந்தது. வளையத்தில் கண்ணாடி நூலின் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன. படகு குமிழிகளைவிட்டு விலகியதும் எஞ்சினைக் கிளப்பிச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

தூரத்தில் இரண்டு தலைகள் ஒன்றாக வெளியே வந்தன. வர வேண்டிய வேகத்தில் அல்ல, இடுப்பளவுக்குத் துள்ளிக்கொண்டு வந்தன. உயரமானவர் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருமினார். அண்ணா அவரைப் பின்னாலிருந்து பிடித்து, படகை நோக்கி உதைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் நீண்ட நேரத்துக்குப் பிறகு மிதவையடியில் அமைதியாக எழும்பினார். மிதவையின் கயிற்றைக் கண்டு, அதைப் பிடித்துத் தரித்து நின்று வந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உயரமானவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர் அன்றுதான் இறங்கியவர். அண்ணா அந்தக் கிழமை முழுவதும் நாள்தோறும் இறங்கியவர்.

ஆழத்தில் இழுக்கிற காற்றில் ஒரு பகுதி இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கும். மெதுவாக, தரித்துத் தரித்து வந்தால் அது மூச்சோடு போய்விடும். வேகமாக வந்தால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உள்ளேயே குமிழியாகும். முள்ளந்தண்டில் குமிழியானால் கால் போகும். இதை அண்ணா மற்றவர்களுக்குப் படிப்பிக்கும்போது நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

கரைக்கு வந்தபோது படகை ஏற்ற மாமா வந்து நின்றார். முதலில் நங்கூரத்தைத்தான் பார்த்தார். வளையத்திலிருந்த நூல் துண்டை விரலால் சுண்டினார்.

"பாத்தியா புள்ள! நூல் அறுந்து நங்கூரம் தப்பிட்டு! நான் கட்டாட்டி இண்டைக்குப் பாருக்குள்ளதான் கிடந்திரிக்கும். படிச்சவங்க நீங்க கயிறுதான் அளப்பீங்க."

நான் வாயைத் திறந்தேன். அண்ணா எனக்கு முந்திக்கொண்டார்.

"ஓம் மாமா. இழுக்கக்குள்ள நல்லா இறுகிட்டு. நூல் அறுந்துதான் வந்த. நல்ல வேலை செஞ்சீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமாவின் முகம் மலர்ந்தது.

பின்னேரம் அண்ணா கதிரையிலிருந்து எழும்பும்போது வலது கால் மடிந்தது. தொடையில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம், இது அதுதான் என்று நான் சொன்னேன். அம்மாவும் சொன்னார். அண்ணாவுக்கும் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை நம்ப அவருக்கு விருப்பமில்லை. நம்பினால் படகு முடிந்தது. அந்த நேரத்தில் மாமா காலைத் தன் மடியில் தூக்கி வைத்து அமத்திப் பார்த்தார்.

"இது சுளுக்கு. அந்த நெட்டையனக் கட்டி இழுத்தவனுக்கு வேற என்ன வரும்? எண்ணெய் போட்டு உருவினா விடியக்குள்ள ஓடுவான்."

"மாமா, இது காத்து, ரத்தத்துக்குள்ள..."

"புள்ள, பம்பப் பாக்கிற மாதிரி மனிசரப் பாக்காத."

அண்ணா என்னைப் பார்த்தார். "மாமா சொல்றார்தானே. காலையில பாப்பம்." மாமா எண்ணெயைச் சூடாக்கி உருவினார். அவர் உருவ உருவ அண்ணாவுக்கு இதமாகத்தான் இருந்தது.

காலையில் அந்தக் கால் தரையை உணரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ஒக்சிசன் வைத்தார்கள். அழுத்த அறை இருப்பது வேறு மாவட்டத்தில். தாமதிக்காமல் அனுப்பினார்கள். அங்கே அந்த இரும்புக் கூண்டுக்குள் அண்ணாவைப் படுக்கவைத்து மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய், மெதுவாக மேலே கொண்டுவந்தார்கள். ஒருமுறையல்ல, பல முறை. சிறிய வட்டக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். உள்ளே வெளிச்சம் குறைவு. டொக்டர் நல்ல மனிதர், ஒளிக்காமல் கதைத்தார். முதல்நாள் பின்னேரமே வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம் என்று மட்டும்தான் சொன்னார்.

வார்டில் படுத்திருந்தபோதுதான் அண்ணா என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் அந்த நூலக் கண்டனான்."

"எப்ப?"

"முதல் தடவை இறங்கக்குள்ளயே. நங்கூரத்தத் தொட்டுப் பாக்கக்குள்ள கையில தட்டுப்பட்டுது. மாமாட முடிச்சு. கண்ணை மூடினாலும் தெரியும் எனக்கு."

"கத்தி காலில இருந்ததே அண்ணா. வெட்டிப்போட்டுக் கயித்தால கட்டியிருக்கலாமே."

"மாமா கட்டினத நான் எப்பிடி வெட்டுற?"

நான் தோடம்பழத்தின் நாரை எடுத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"புது நூல். இறுக்கமாத்தான் இருந்த. இண்டைக்குக் கிடக்கட்டும், பின்னேரம் ஆளுக்கு நோகாமச் சொல்லுவம் எண்டு விட்டன். வெட்டிக் கொண்டுவந்தா கரையில நிண்டு பாப்பார்தானே. முகம் எப்பிடிப் போகும்?"

"நீங்க சிரிச்சது அதுக்கா?"

"ஓம். வந்து ஒளிச்சுக் கட்டிட்டுப் போயிரிக்கார் மனுசன், கள்ளன் மாதிரி. சிரிப்பு வந்திட்டு."

என் கையைப் பிடித்தார். "மாமாட்டச் சொல்லாத. நூலையும் சொல்லாத, சுளுக்கு எண்டு வச்சிருந்து பிந்தினதையும் சொல்லாத. அந்த ஆள் செத்துப்போகும், புள்ள."

நான் தலையசைத்தேன். தோடம்பழத்தைக் கொடுத்தேன். அவர் தின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமா பின்னேரங்களில் தவறாமல் வருகிறார். பெரியகல்லாற்றிலிருந்து சைக்கிளில், ஹேண்டிலில் எண்ணெய்ப் போத்தல் தொங்கும். அண்ணாவின் காலை மடியில் வைத்து உருவுவார். அண்ணா ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் காலில் சூடோ குளிரோ அவருக்குத் தெரியாது. எண்ணெய் கூடச் சூடாகி ஒருமுறை தோல் கொப்பளித்துவிட்டது. அண்ணா சிரித்துக்கொண்டே இருந்ததால் மாமா கவனிக்கவில்லை. அம்மாதான் கண்டு கத்தினார்.

"ஏன்டா சொல்லல்ல?" என்று மாமா கேட்டார்.

"சுடல்ல மாமா."

மாமா போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுங்கையால் அந்தக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கொழும்பு நெட்டையனைத் திட்டத் தொடங்கினார். அவருடைய கணக்கில் எல்லாவற்றுக்கும் அந்த மனிதர்தான் காரணம். உயரமானவர் ஆரம்பத்தில் அடிக்கடி செய்தி அனுப்பிச் சுகம் விசாரித்தார். அண்ணா "நல்லா இருக்கன்" என்றே பதில் போட்டார். இப்போது செய்திகள் வருவதில்லை.

அம்மா நேர்த்தியை நிறைவேற்ற அண்ணாவைக் களுதாவளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். படகு சரிவரவில்லையே, எதற்கு நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. கோயில் வீதி மணலில் அவரால் நிற்க முடியவில்லை. சுவரோடு சாய்ந்து நின்று கும்பிட்டார். கலியாணப் பேச்சு ஒன்று போய்க்கொண்டிருந்தது, பெண் வீட்டார் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். அலுமாரிக்கு மேலே கிடந்த பாஸ்போட்டை அண்ணா ஒருநாள் எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார். மருத்துவச் சோதனையில் அந்தக் காலோடு யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த இருட்டுக்குக்கூட இனி அவரால் போக முடியாது. திரும்ப அங்கேயே எறிந்தார்.

போன மாதம் மாமா உருவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"புள்ள, அந்த நங்கூரம் சும்மாதானே கிடக்கு? துருப்பிடிச்சிரும். நான் கொண்டுபோய்ப் பாவிக்கவா? மருமகன் எழும்பினதும் திருப்பித் தாறன்."

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கொண்டு போங்க மாமா" என்றேன்.

முற்றத்தில் குந்தியிருந்து, சட்டைப் பையிலிருந்து தங்கூசியை எடுத்து, அங்கேயே கட்டினார். சங்கிலியை அடியில் பூட்டி, தண்டோடு கொண்டுவந்து, தலையில் சில சுற்று, ஒரு முடிச்சு. பல்லால் நுனியைக் கடித்துத் துப்பினார். அவர் தொழிலுக்கு அதுதான் சரி. "இஞ்ச பாரு, படிச்ச பிள்ள, இதப் பழகிக்க. ஒரு நாளைக்கு உதவும்" என்றார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.

இப்போதைய நிலை இது. அண்ணா சுவரைப் பிடித்து நடக்கிறார், வலது கால் இழுபடுகிறது. இனிச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கால் இதற்கு மேல் தேறும் என்று யாரும் சொல்லவில்லை. எஞ்சினை விற்றுவிட்டோம். படகு கடற்கரைத் தென்னைகளின் கீழே கவிழ்ந்து கிடக்கிறது, கேட்டு வந்தவர் எவருமில்லை. நங்கூரம் மாமாவிடம் இருக்கிறது. மாமாவுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை.